நாலு ரியாலில் ரியாத்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரியாத் மெட்ரோவைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதியிருந்தேன். பதினேழு வருடமாக இந்த ஊரில் கார் ஓட்டியே பழகிய நான், இப்போது வாரத்தில் நாலு நாள் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன் என்று. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் ரியாத்திலேயே இருப்பவர்கள், மீதிப் பேர் ஊரில் இருந்துகொண்டு மகனையோ கணவரையோ நினைத்துக் கேட்டவர்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை, பலருக்கும் பயன்படும் கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை.

அண்ணா, நான் ரியாத் வந்து இருபது நாள்தான் ஆகிறது. ரூம் பத்தாவில், ஆபீஸ் காஃப்ட் (KAFD, மன்னர் அப்துல்லா நிதி வட்டாரம்) பக்கம், வாரத்தில் ஆறு நாள் வேலை. ரூமில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கார்டு எடுக்கணுமா, ஆப் போதுமா? மாசம் எவ்வளவு ஆகும்?

தம்பி, உங்களுக்கு அமைந்த மாதிரி பலருக்கு அமையாது. பத்தாவும் நீல லைன், காஃப்டும் நீல லைன். பத்தாவில் ஏறினால் நடுவில் எங்கேயும் மாறாமல் நேராகப் போய் இறங்கலாம். ரியாத்தின் முதுகெலும்பு மாதிரி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற லைன் அது, ஏறக்குறைய 38 கிலோமீட்டர்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2 மணி நேர டிக்கெட் 4 ரியால். அந்த நேரத்துக்குள் லைன் மாறலாம், ரியாத் பஸ்ஸிலும் ஏறலாம், தனியாகக் காசு இல்லை. 3 நாளுக்கு 20, 7 நாளுக்கு 40, 30 நாளுக்கு 140 ரியால். இதெல்லாம் சாதாரண வகுப்புக் கணக்கு. நீங்கள் வாரத்தில் ஆறு நாள் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் மாதம் 26 நாள், போக வர ஒரு நாளைக்கு 8 ரியால், மொத்தம் 208 ரியால் வரும். 140 ரியால் பாஸ் எடுத்துவிட்டால் 68 ரியால் மிச்சம், அதோடு வெள்ளிக்கிழமை சுற்றுவதும் அதிலேயே அடங்கிவிடும். ஐந்து நாள் வேலைக்காரர்களுக்கும் 22 நாளுக்கு 176 ஆகிறது, அவர்களுக்கும் பாஸ்தான் லாபம். வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வருகிறவர்கள் மாத பாஸ் எடுக்க வேண்டாம், அவ்வப்போது 4 ரியால் போதும்.

கார்டா ஆப்பா என்றால், நான் இரண்டையும் வைத்திருக்கச் சொல்வேன். ஆப்பின் பெயரும் தர்ப், கார்டின் பெயரும் தர்ப். அரபியில் வழி, பாதை என்று பொருள். கார்டு 10 ரியால். பேங்க் கார்டையே கேட்டில் தட்டிவிட்டும் போகலாம், ஆனால் அது ஒவ்வொரு முறையும் போகிற காசு, மாத பாஸ் கணக்கில் வராது. கார்டு ஏன் என்று கேட்டால், ஒருநாள் ராத்திரி ஆபீஸ் முடிந்து வரும்போது என் போனில் சார்ஜ் சுத்தமாக இறங்கிவிட்டது. டிக்கெட் போனுக்குள், போன் செத்துக் கிடக்கிறது, கேட் எதிரில் நிற்கிறேன். அன்றைக்கே 10 ரியால் கொடுத்து கார்டு வாங்கி பர்ஸில் இகாமாவுக்கு (இங்கே தங்குவதற்கான அடையாள அட்டை) பின்னால் செருகிவிட்டேன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. நீல லைனில் ரயிலுக்கு நாலு பெட்டி, மற்ற லைன்களில் இரண்டு பெட்டிதான். அதனால் காலை நேரத்தில் சிவப்பு லைனோ ஆரஞ்சு லைனோ பிடிப்பவர்கள் கூட்டத்தில் முட்டி மோதி ஏற வேண்டாம், ஒரு ரயிலை விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும்.

காஃப்டில் இறங்கியதும் முதல் நாள் சற்றுத் தடுமாறுவீர்கள். நீலம், மஞ்சள், ஊதா மூன்று லைனும் அங்கே சேருகின்றன, ஆறு பிளாட்பாரம், நாலு தளம். சஹா ஹதீதின் நிறுவனம் வடிவமைத்த கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் காற்றில் மணல்மேடு அலையலையாக நிற்பது போல இருக்கும். அவசரத்தில் ஓடாமல் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வணக்கம். நாங்கள் மலாஸில் இருக்கிறோம். கணவர் காரை எடுத்துக்கொண்டு காலையில் போனால் ராத்திரிதான் வருவார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஏழு வயது, நாலு வயது இரண்டு பிள்ளைகள். மெட்ரோவில் நான் தனியாகக் கூட்டிக்கொண்டு போகலாமா? எங்கே போகலாம்?

தாராளமாகப் போகலாம் சகோதரி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் மனைவி இங்கே வந்த முதல் வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நான் வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து காரை எடுத்தால்தான் அவளுக்கு வெளியுலகம். ஜன்னலுக்கு வெளியே நாலு வழிச் சாலை, அதைத் தாண்டினால் இன்னொரு நாலு வழிச் சாலை, கீழே பகாலாவுக்கு, அதாவது மளிகைக் கடைக்கு, போய் தயிர் வாங்கி வருவதுதான் அவள் நாளின் பெரிய நடை. அப்போது இந்த ரயில் இருந்திருந்தால் அவளுடைய இருபதுகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நிஜமாகவே நினைக்கிறேன். அதனால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

ரயிலுக்குள் முதல் வகுப்பு, குடும்பப் பகுதி, தனிநபர் பகுதி என்று மூன்று பிரிவு இருக்கும். பெண்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் குடும்பப் பகுதி. பிளாட்பாரத்திலேயே எந்தக் கதவு எதற்கு என்று குறித்திருப்பார்கள், அதைப் பார்த்து நில்லுங்கள். தண்டவாளத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, ரயில் வந்து நின்ற பிறகுதான் திறக்கும். ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, ஆகவே சின்னவருக்கு வேண்டாம், பெரியவருக்கு எடுக்க வேண்டும்.

எங்கே போகலாம் என்றால், மலாஸில் ஆரஞ்சு லைன் பிடித்து கஸ்ர் அல் ஹுக்ம் வரை போங்கள், அங்கே நீல லைனுக்கு மாறி வடக்கே போனால் முதலில் பத்தா, அடுத்தது தேசிய அருங்காட்சியகம். நிலையத்தின் பெயரே அதுதான், தவற விடவே முடியாது. 1999இல் திறந்த அருங்காட்சியகம், பக்கத்தில் மன்னர் அப்துல் அஜீஸ் இருந்த முரப்பா அரண்மனை, சுற்றிலும் பேரீச்சை மரங்களும் புல்வெளியும். பிள்ளைகள் ஓடி விளையாட அது போதும். வெயில் காலத்தில் சாயங்காலமாகப் பார்த்துப் போங்கள், அருங்காட்சியகம் திறக்கிற நேரத்தையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது கஸ்ர் அல் ஹுக்மில் லைன் மாறத்தானே வேண்டும், அப்படியே மேலே ஏறி வந்து மஸ்மக் கோட்டையையும் காட்டிவிடுங்கள். 1865 வாக்கில் கட்டிய மண் கோட்டை. 1902இல் அப்துல் அஜீஸ் அதைப் பிடித்த கதையிலிருந்துதான் இன்றைய சவுதியின் வரலாறே தொடங்குகிறது. வாசல் கதவில் அன்றைய சண்டையில் பாய்ந்த ஈட்டியின் முனை இன்னமும் பதிந்து நிற்கிறது. என் பையன் அந்த இடத்தில் விரலை வைக்கப் பார்த்து, காவலர் சிரித்துக்கொண்டே கையை விலக்கினார். பெரியவனுக்கு அந்தக் கதவைக் கட்டாயம் காட்டுங்கள்.

முதல் தடவை மட்டும் கணவரோடு ஒரு சனிக்கிழமை போய்வந்துவிடுங்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்கிற பாதை எப்படி, எந்தப் பக்கம் சாலையைக் கடப்பது என்பதை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் அடுத்த முறை நீங்களே ராஜாவாகப் போய் வருவீர்கள். ரயில் பயணம் சுலபம், நிலையத்துக்குப் போய்ச் சேருவதில்தான் சிரமம், குறிப்பாக ஜூன், ஜூலை, ஆகஸ்டில்.

ஐயா, என் மகன் முதல் தடவையாக ரியாத்துக்கு வேலைக்கு வருகிறான். விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது என்று சொல்கிறார்கள். இறங்கினதும் அதில் ஏறிப் போகச் சொல்லலாமா? கம்பெனி ஆள் வருவார்களா என்று தெரியவில்லை. (தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, முதலில் அவன் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். நம் ஊரிலிருந்து வரும் விமானங்களில் பல, நேரங்கெட்ட நேரத்தில்தான் வந்து இறங்கும். மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும். ராத்திரி ஒரு மணிக்கு இறங்குகிறவனுக்கு மெட்ரோ உதவாது. வெள்ளிக்கிழமை காலையில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் தொடங்கும், அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் நேரத்தில் இறங்குகிறான், கையில் பெட்டி ஒன்றுதான் என்றால், கட்டாயம் மெட்ரோவில் போகலாம். மஞ்சள் லைன் விமான நிலையத்துக்கு உள்ளேயே வருகிறது. டெர்மினல் 1, 2க்கு ஒரு நிலையம், 3, 4க்கு ஒன்று, 5க்கு ஒன்று. அங்கே ஏறினால் கடைசி நிலையம் காஃப்ட், தூங்கிப்போனாலும் தாண்டிப் போய்விட மாட்டான். அங்கிருந்து நீல லைன் மாறினால் ஒலயா, பத்தா, அஸீஸியா எல்லாம் அதே 4 ரியாலில். பலகைகளும் அறிவிப்பும் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

ஆனால் அம்மா, நீங்கள் அவனை எப்படி அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு, அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, 30 கிலோவுக்கு ஒரு கிராம் குறையாமல். அத்தனையும் தூக்கிக்கொண்டு ஊர் தெரியாத பையன் காஃப்டில் தளம் ஏறி இறங்கி லைன் மாற வேண்டாம். முதல் நாள் டாக்ஸியில் போகட்டும், ஆப்பில் வருகிற டாக்ஸியாக, வாசலில் வந்து கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் வேண்டாம். கம்பெனி ஆளின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள், இங்கே வந்ததும் அவன் போன் வேலை செய்யாமல் போகலாம்.

சார், நான் இரண்டாவது இண்டஸ்ட்ரியல் சிட்டி பக்கம் கேம்பில் இருக்கிறேன். எல்லோரும் மெட்ரோ மெட்ரோ என்கிறார்கள். எங்கள் கேம்பிலிருந்து அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எதற்கு?

உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தம் நியாயமானது, அதை மறுத்துப் பேச மாட்டேன். 176 கிலோமீட்டர், ஆறு லைன், 85 நிலையம் என்று சொல்லும்போது நகரமே அதற்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ரியாத் அவ்வளவு சின்ன ஊர் இல்லை. கேம்புகளில் பலவும் ஊருக்கு வெளியே, கார்ஜ் சாலைப் பக்கமும் அதைத் தாண்டியும் கிடக்கின்றன. நீல லைனின் தெற்குக் கடைசி தார் அல் பைதா. அதற்கும் உங்கள் கேம்புக்கும் நடுவில் நடந்து கடக்கிற தூரம் இல்லை.

ஆனாலும் உங்களுக்குப் பயன் இருக்கிறது என்றுதான் சொல்வேன். 2023 மார்ச்சில் ரியாத் பஸ் ஓடத் தொடங்கியது, மெட்ரோ வந்தது அதற்குப் பிறகுதான். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே டிக்கெட். கேம்ப் வண்டி வெள்ளிக்கிழமை உங்களைப் பத்தாவில் இறக்கிவிடுகிறது அல்லவா, அங்கிருந்து சொந்தக்காரர் நசீமில் இருக்கிறார், நண்பர் ஒலயாவில் இருக்கிறார் என்றால் முன்பெல்லாம் என்ன செய்வோம்? ஆடிக்கொண்டு வரும் பழைய மினி பஸ், அது போகாத இடத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு டாக்ஸி, காசுக்காகப் பேரம். பல பேர் பேரம் பேசத் தெம்பில்லாமல் பத்தாவிலேயே சுற்றிவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பத்து வருடம் ரியாத்தில் இருந்துவிட்டு பத்தாவைத் தவிர வேறு தெருவைப் பார்க்காமல் ஊர் திரும்பிய ஆட்களை எனக்கே தெரியும். இன்றைக்கு 4 ரியாலில் இந்த ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம். கேம்ப் வண்டி ராத்திரி திரும்பும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள்.

படிப்பு இல்லாத ஆட்கள் கேம்பில் இருந்தால் அவர்களுக்கு லைனின் பெயரைச் சொல்லிக் குழப்பாதீர்கள். நிறத்தைச் சொல்லுங்கள், போதும். 1 நீலம், 2 சிவப்பு, 3 ஆரஞ்சு, 4 மஞ்சள், 5 பச்சை, 6 ஊதா. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்தா பிளாட்பாரத்தில் ஒருவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் கறிவேப்பிலை எட்டிப் பார்க்கிற பிளாஸ்டிக் பை. உள்ளங்கையில் பேனாவால் நாலு நிலையத்தைக் கோடு போட்டு எழுதியிருந்தார், எல்லாம் தமிழில். ஒவ்வொரு நிலையம் வந்ததும் கட்டை விரலால் ஒரு பெயரைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நாலாவது பெயர் போனதும் எழுந்து இறங்கிவிட்டார், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் கேம்புக்குப் பஸ் வேண்டும் என்று ஆப்பில் எழுதிப் போடுங்கள், ஒருவர் இல்லை, கேம்பில் இருக்கிற எல்லோருமாக. நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு ஆப்பில் அழைத்தால் வரும் சிறு வண்டிகூட இப்போது பல பகுதிகளில் ஓடுகிறது. உங்கள் பக்கமும் அந்த வசதி வர வேண்டும், அதைக் கேட்பதில் தவறே இல்லை.

அஸ்ஸலாமு அலைக்கும். ரியாத்திலிருந்து ரயிலிலேயே மக்கா போய் உம்ரா செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அப்புறம் தம்மாமில் இருக்கும் தங்கையைப் பார்க்கவும் போக வேண்டும், அதற்கு ரயில் இருக்கிறதா?

வ அலைக்கும் ஸலாம் பாய். மக்காவுக்கு இல்லை, தம்மாமுக்கு உண்டு.

உங்களிடம் சொன்னவர் ஹரமைன் ரயிலை நினைத்துச் சொல்லியிருப்பார். 2018இல் வந்த அதிவேக ரயில் அது, மக்கா, ஜித்தா, மதீனா இவற்றை இணைக்கிறது, மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் ரியாத்துக்கும் அதற்கும் தண்டவாளத் தொடர்பே கிடையாது. நீங்கள் இங்கிருந்து விமானத்திலோ பஸ்ஸிலோ ஜித்தா அல்லது மதீனா போய்ச் சேர்ந்து, அங்கிருந்து வேண்டுமானால் ஹரமைனில் ஏறலாம். மதீனா போய் ஜியாரத் முடித்துவிட்டு மக்காவுக்கு ரயிலில் போகிற வழி நல்ல வழி, வயதானவர்கள் கூட இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

தம்மாம் ரயில் ரொம்பப் பழையது. 1951இலேயே ரியாத்துக்கும் தம்மாமுக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போதைய பயணிகள் பாதை ஏறக்குறைய 450 கிலோமீட்டர், நடுவில் ஹுஃபூஃப், அப்கைக் நிறுத்தங்கள், நாலு மணி நேரம் மாதிரி ஆகும். மெட்ரோ ஆரஞ்சு லைனில் ரயில்வே என்றே ஒரு நிலையம் இருக்கிறது, தம்மாம் ரயில் கிளம்புகிற கிழக்கு நிலையம் அந்தப் பக்கம்தான். டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள், வாரக்கடைசியில் கடைசி நேரத்தில் கிடைக்காது. அசல் இகாமாவைக் கையில் வைத்திருங்கள், டிக்கெட்டில் போட்ட பெயரும் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரியாத்தில் பெரிய ரயிலுக்கு இரண்டு நிலையங்கள். கஸீம், ஹாயில், ஜவுஃப், குரய்யாத் போகும் ரயில் வடக்கு நிலையத்திலிருந்து கிளம்புகிறது, அது ஊரின் வடக்கு ஓரத்தில், விமான நிலையம் இருக்கிற பக்கம். டாக்ஸிக்காரரிடம் வெறுமனே ரயில்வே ஸ்டேஷன் என்று சொன்னால் தவறான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. என் கூட வேலை செய்கிற ஒருவர் தம்மாம் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வடக்கு நிலையத்தில் போய் நின்றார். மற்ற நிலையத்துக்கு ஊரைத் தாண்டி வருவதற்குள் ரயில் போய்விட்டது. பாதை பார்க்கும்போது கிழக்கா வடக்கா என்பதை முதலில் பாருங்கள்.

வடக்கு ரயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குரய்யாத் ஜோர்தான் எல்லைக்குப் பக்கம், 1,200 கிலோமீட்டருக்கு மேல். இரவு முழுக்கப் பாலைவனத்தில் ஓடுகிற ரயில், படுத்துக்கொண்டு போகிற கேபினும் உண்டு. ரயிலில் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உடம்பில் ஊறியது. வெளிநாட்டில் அது திரும்பக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதல் வகுப்பு எடுக்கலாமா? காசுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறதா?

2 மணி நேரத்துக்கு 10 ரியால், மாதத்துக்கு 350. உட்கார்ந்தே போக வேண்டிய உடல்நிலை, வயது, காலை நேர அவசரம் என்றால் எடுங்கள். மற்றபடி சாதாரண வகுப்பே சுத்தமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. மிச்சம் 210 ரியாலை ஊருக்கு அனுப்புங்கள்.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

மூடிய டப்பாவில் கொண்டுபோவது வேறு, உள்ளே திறந்து சாப்பிடுவது வேறு. உள்ளே சாப்பிடக் கூடாது, அபராதம் உண்டு. இருக்கையில் கால் வைப்பது, தவறான பகுதியில் ஏறுவது இதெல்லாமும் அப்படியே. நம்மவர்கள் இதில் பொதுவாக நன்றாகவே நடந்துகொள்கிறார்கள், பார்க்க சந்தோஷமாக இருக்கிறது.

இகாமா வேலைக்கு ஜவாசாத் போக வேண்டும், மெட்ரோ இருக்கிறதா?

நீல லைனில் பாஸ்போர்ட் அலுவலகம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, முரப்பாவுக்கு அடுத்தது. ஆனால் உங்கள் அப்பாயிண்ட்மெண்ட் எந்தக் கிளையில் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், எல்லோருடையதும் அங்கே இருக்காது.

என் ரூமுக்குப் பக்கத்து நிலையம் கட்டி முடித்தும் பூட்டியே கிடந்ததே, ஏன்?

எல்லா நிலையங்களும் ஒரே நாளில் திறக்கவில்லை. 2024 டிசம்பர் 1இல் நீலம், மஞ்சள், ஊதா மூன்றும் ஓடத் தொடங்கின. அந்த மாதம் 15இல் சிவப்பும் பச்சையும். ஆரஞ்சு லைன் 2025 ஜனவரி 5. அதற்குப் பிறகும் நிலையங்களை ஒவ்வொன்றாகத்தான் திறந்தார்கள், கஸ்ர் அல் ஹுக்மே 2025 பிப்ரவரி கடைசியில்தான் திறந்தது. பழைய வரைபடத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ நம்பாமல் ஆப்பில் பாருங்கள்.

அண்ணே, நான் முதுகுளத்தூர் பக்கம். 2016லிருந்து 2019 வரை ரியாத்தில் மெட்ரோ வேலையில் கம்பி கட்டினேன். கஸ்ர் அல் ஹுக்ம் ஸ்டேஷன், பூமிக்கு அடியில். மேலே என்ன வரப்போகிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை, பள்ளத்துக்குள் இறங்குவோம், ஏறுவோம், அவ்வளவுதான். ரயில் ஓடுவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டேன். என் மகள் பத்தாவது படிக்கிறாள். அப்பா கட்டின ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ரயில் ஓடுகிறது. நீங்கள் வேலை செய்த அந்தப் பள்ளம்தான் இன்றைக்கு நீல லைனும் ஆரஞ்சு லைனும் ஒன்றையொன்று சந்திக்கிற இடம், பழைய ரியாத்தின் நடு நெஞ்சு. மேலே திறந்த சதுக்கம். அதன் நடுவில் ஒரு பெரிய கூரை, கிண்ணம் மாதிரி வளைந்தது, முழுக்க எஃகு, கண்ணாடி மாதிரி தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நார்வே நாட்டு ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தலைகீழாக ஊர் தெரியும், நடந்து போகிறவர்கள் தலைகீழாக நடப்பார்கள். மேலே விழுகிற வெளிச்சத்தை அந்த எஃகு வாங்கி அப்படியே கீழே அனுப்புகிறது, பல தளம் இறங்கின பிறகும் பகல் வெளிச்சம் கூடவே வரும். கீழே செடி வைத்திருக்கிறார்கள் தம்பி, தோட்டம். நீங்கள் ஹெல்மெட்டும் விளக்குமாக இறங்கின இடத்தில் இன்றைக்குப் பச்சை இலை இருக்கிறது.

போன வாரம் உங்களுக்காகவே அங்கே இறங்கி, எஸ்கலேட்டரில் போகாமல் சுவரை ஒட்டிக்கொண்டே நடந்தேன். நீங்கள் கட்டின கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அது கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. ஆனால் அந்தச் சுவர்தான் மேலே இருக்கிற மண்ணையும் சதுக்கத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. ரயில் உள்ளே வரும்போது கைக்கு லேசாக ஒரு அதிர்வு தெரிந்தது, ரயில் நின்றதும் அந்த அதிர்வும் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தார்.

மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் முகவரியை இந்த இதழின் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கூரையைக் கீழேயிருந்து நிமிர்ந்து எடுத்த படம் ஒன்று, தோட்டம் ஒன்று, அந்தச் சுவர் ஒன்று, மூன்றையும் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன்.